கெல்டிரியா நிழலில் – பகுதி 14: ஆரஞ்சுக்குப் பாடியவர்கள்

சென்ற பகுதியை 1825 ஜூன் 1ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். அன்றோடு பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கணக்கு தீர்ந்தது. முந்தைய ஆண்டு லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கோட்டை, கிடங்கு, கல்லறைத் தோட்டம் எல்லாம் ஆங்கிலேயர் வசம் போயின. வரலாற்று நூல்கள் பழவேற்காட்டு டச்சுக் கதையை இந்த இடத்தில் முடித்துவிடும். எனக்கு முடிக்க மனமில்லை. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தபோது டச்சுக் கப்பல்கள் ஏந்தி வந்த கொடியின் முதல் பட்டை ஆரஞ்சு. அந்த நிறம் இந்தக் கரையை விட்டுப் போன பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது கால்பந்து மைதானத்தின் கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது. போகும்போது பாட்டாக மாறியிருந்தது.

முதலில் அது ஓர் அரச குடும்பத்தின் நிறம். பிரான்சின் தெற்கே ஆரஞ்சு என்றொரு சிற்றரசு இருந்தது. 1544இல் அது பதினொரு வயதுச் சிறுவனான வில்லியமுக்கு வாரிசுரிமையாக வந்தது. அந்தச் சிறுவன்தான் பின்னால் ஸ்பானியப் பேரரசை எதிர்த்து டச்சு மக்களின் கலகத்துக்குத் தலைமை ஏற்றான். அவனைப் பற்றிய பாட்டு ‘வில்ஹெல்முஸ்’. பதினைந்து பத்திகள்; அவற்றின் முதல் எழுத்துகளைக் கோத்தால் அவன் பெயர் வரும். உலகின் மிகப் பழைய நாட்டுப்பண்களில் ஒன்று அது என்றாலும், அரசு முறைப்படி நாட்டுப்பண்ணாக ஏற்றது 1932இல்தான். அதன் மெட்டு டச்சு மெட்டே அன்று. 1568இல் பிரான்சின் ஷார்த்ர் நகர முற்றுகையைப் பற்றிப் பாடப்பட்ட ஒரு பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சைப் பாடியவர்கள் மெட்டைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

நம் கரையில் ஆரஞ்சு என்றால் பாட்டில்லை. 1610இல் சந்திரகிரி மன்னரிடம் பெற்ற அனுமதி. 1612இல் சாந்தோம் போர்ச்சுகீசியர் வந்து இடித்த பண்டகசாலை. மறு ஆண்டே எழுந்த கோட்டை. உள்ளே வெடிமருந்து ஆலை. சாயவேரில் சாயமேற்றிய துணி இங்கிருந்து கப்பலேறியது. அதைக் கொடுத்து மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டங்கட்டமான கைலியை இன்றும் இந்த ஊரின் பெயரால் ‘கைன் பெலேகட்’ என்கிறார்கள். பஞ்ச காலங்களில் துணியோடு மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். அடிமைகளாகப் படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போன ஆயிரக்கணக்கானோருக்குப் பழவேற்காடுதான் கடைசியாகப் பார்த்த சொந்தக் கரை. அவர்கள் கதை பெரிது. அது தனியே வரும்.

1795இல் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் நுழைந்ததும் ஆரஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். லண்டனை அடுத்த கியூ மாளிகையிலிருந்து கொண்டு, கடல்கடந்த டச்சுக் கோட்டைகளை ஆங்கிலேயரிடம் விட்டுவிடுமாறு கடிதங்கள் அனுப்பினார். அதே ஆண்டு பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1818இல் திரும்பி வந்தது. 1825இல் ஒரேயடியாகப் போனது. இளவரசரின் நிறம் இந்தக் கரையில் கோலோச்சிய காலம் அவ்வளவுதான்.

இனி பந்துக்கு வருவோம். நெதர்லாந்து தேசிய அணியின் முதல் ஆட்டம் 1905 ஏப்ரல் 30இல் ஆன்ட்வெர்ப்பில் பெல்ஜியத்துக்கு எதிராக நடந்தது. நெதர்லாந்து 4–1 என வென்றது. நான்கு கோல்களையும் போட்டவர் எடி டி நேவ. அவர் பிறந்த ஊர் படேவியா! பழவேற்காட்டுத் துணி போய் இறங்கிய அதே துறைமுகம். 1938இல் உலகக் கோப்பையில் ஆடிய முதல் ஆசிய அணியும் அந்தத் தீவுகளிலிருந்தே வந்தது. டச்சு கிழக்கிந்தியா என்ற பெயரில் ரீம்ஸ் நகரில் ஒரே ஓர் ஆட்டம் ஆடி, ஹங்கேரியிடம் 0–6 எனத் தோற்றுத் திரும்பியது. காலனிய வரலாற்றை விட்டுவிட்டு நெதர்லாந்துக் கால்பந்தைச் சொல்லவே முடியாது. மலுக்கு வழியில் வந்த ஜியோவானி வான் பிராங்கோர்ஸ்ட் 2010 உலகக் கோப்பை இறுதியில் அணித்தலைவர். 1988இல் ஐரோப்பியக் கோப்பையை ஏந்திய ரூட் குல்லிட்டின் தந்தை சுரினாமிலிருந்து வந்தவர்.

இந்த அணிக்காக எழுந்த முதல் பெரிய பாட்டு 1950இல் வந்த ‘ஹுப் ஹாலந்து ஹுப்’. யான் டி கிளெர் எழுதினார், டீகோ வான் டெர் மேர் இசையமைத்தார். நாட்டுச் சின்னமான சிங்கத்தை வைத்தே வேடிக்கை செய்யும் பாட்டு அது. இளவரசரின் வீரத்தைச் சொல்லும் வில்ஹெல்முஸை ஆட்டம் தொடங்குமுன் எழுந்து நின்று பாடுவார்கள். இதை ஆட்டம் தொடங்கிய பிறகு தோள்மேல் கைபோட்டுப் பாடுவார்கள். ஆரஞ்சு அரண்மனையிலிருந்து இறங்கத் தொடங்கியது இங்கேதான் என்பேன். கம்பீரம் போய்க் கிண்டல் வந்தது. கிண்டல் வந்ததும் பாட்டு எல்லாருக்கும் சொந்தமானது.

பிறகு 1974 வந்தது. யோகான் கிரைஃபின் அணி ம்யூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 1–2 என உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை இழந்தது. அந்தத் தோல்வி ஒரு தலைமுறையின் மனத்தில் முள்ளாகத் தங்கியது. 1978 இறுதியிலும் தோல்வி. 1974க்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1988இல், அதே ஜெர்மன் மண்ணில் ஐரோப்பியக் கோப்பை. அந்த ஆண்டின் பாட்டைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பாடியவர் ஆந்த்ரே ஹாசெஸ். ஆம்ஸ்டர்டாமின் டி பைப் என்ற உழைக்கும் மக்கள் பகுதியில் 1951 ஜூனில் பிறந்தவர். எட்டு வயதில் ஆல்பர்ட் கய்ப் சந்தையில் பாடிக்கொண்டிருந்தபோது ஒரு நடிகரின் கண்ணில் பட்டுத் தொலைக்காட்சிக்குப் போனார். ஆனாலும் வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை உட்படப் பல வேலைகள் பார்த்துத்தான் பாடகராக நிலைத்தார். காதல் தோல்வி, தனிமை, தாயின் நினைவு என அழுகை தொண்டையில் நிற்கும் பாட்டுகள் அவருடையவை. சங்கீதம் அறிந்தவர்கள் அவரை மதிக்கவில்லை. தெருவில் இருந்தவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் கானா பாடகர்களுக்கு நடந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

‘வை ஹௌடன் வான் ஒரான்யெ’ என்ற அவருடைய பாட்டு, அணிமேல் வைத்த அன்பை ஒளிவுமறைவில்லாமல் சொல்வது. அதன் மெட்டு ஸ்காட்லாந்துடையது. ராபர்ட் பர்ன்ஸின் பெயரோடு உலகம் அறிந்த, புத்தாண்டு நள்ளிரவில் பாடப்படும் ‘ஆல்டு லாங் சைன்’ பாட்டின் மெட்டு. வில்ஹெல்முஸுக்குப் பிரெஞ்சு மெட்டு, ஹாசெஸுக்கு ஸ்காட்டிஷ் மெட்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரசிகர் பாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. நாற்பதாயிரம் பேர் ஒத்திகை இல்லாமல் ஒரே குரலில் பாட வேண்டுமென்றால் மெட்டு அவர்கள் வாயில் முன்பே இருந்தாக வேண்டும். புதிதாகக் கற்க வேண்டியது நான்கு வரிச் சொல் மட்டும். நம் கோயில் கொடைகளிலும் தேர்தல் பிரசாரங்களிலும் சினிமா மெட்டில் சொல் மாற்றிப் பாடுகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

முதல் ஆட்டத்தில் சோவியத் அணியிடம் 0–1 எனத் தோற்றார்கள். இரண்டாவதில் மார்கோ வான் பாஸ்டன் மூன்று கோல் போட்டு இங்கிலாந்தை வீழ்த்தினார். அயர்லாந்தை ஆட்டம் முடியும் தறுவாயில் ஒற்றைக் கோலால் தாண்டினார்கள். ஜூன் 21, ஹாம்பர்க். எதிரே மேற்கு ஜெர்மனி. 88ஆம் நிமிடத்தில் வான் பாஸ்டன் சறுக்கிக்கொண்டே உதைத்த பந்து வலைக்குள் உருண்டபோது, நெதர்லாந்து தெருவுக்கு வந்துவிட்டது. இறுதி ஆட்டத்தைவிட அந்த அரையிறுதி இரவையே பெரிய இரவாக டச்சுக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். போர்க்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பைக் கண்ட தலைமுறை அன்று உயிரோடிருந்தது. விளையாட்டு வெற்றிக்கு அழுத அந்தக் கண்ணீரில் 1974 மட்டுமா இருந்திருக்கும்?

ஜூன் 25இல் ம்யூனிக்கில் சோவியத் அணிக்கு எதிரான இறுதி. முதல் கோல் குல்லிட். இரண்டாவது, கால்பந்து வரலாற்றில் தனி இடம் பெற்ற கோல். இடது பக்கத்திலிருந்து உயர்ந்து வந்த பந்தை வான் பாஸ்டன் தரையில் விழவிடாமல், ஏறக்குறையக் கோணமே இல்லாத இடத்திலிருந்து அடித்தார். எல்லாரும் வான் பாஸ்டனைச் சொல்கிறார்கள். பந்தை அனுப்பியவரைச் சொல்ல வேண்டியது பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவனின் கடமை. அவர் பெயர் ஆர்னோல்ட் மியூரன், அன்று வயது 37. ஹாசெஸ் பிறந்த அதே 1951 ஜூனில் பிறந்தவர். ஊர் ஃபோலென்டாம்.

ஃபோலென்டாம் ஒரு மீனவர் ஊர். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, ஜூடர்ஸே என்ற உள்வாங்கிய கடலின் கரையில் இருந்தது. பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக் கப்பல்களில் பெரும்பங்கு ஆம்ஸ்டர்டாம், ஹோர்ன், என்குய்சன் துறைகளிலிருந்து அந்த நீரைக் கடந்துதான் பெருங்கடலுக்குப் போயின. 1932இல் முப்பது கிலோமீட்டருக்கும் அதிக நீளமான அணை ஒன்று கட்டி ஜூடர்ஸேயின் வாயை மூடினார்கள். உப்பு நீர் மெல்ல நன்னீர் ஏரியானது. ஹெர்ரிங்கும் நெத்திலியும் போயின. விலாங்கு மட்டும் மிஞ்சியது. முகத்துவாரம் மணல் மூடினால் ஏரியில் என்ன ஆகும் என்பதைப் பழவேற்காட்டுக் குப்பங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உப்பு நீர் வரத்து நின்றால் இறால் குஞ்சு உள்ளே வராது. பாடு விழுந்தும் வலை வெறுமையாய் வரும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறைக்கே அர்த்தம் போய்விடும்.

கடலை இழந்த ஃபோலென்டாம் இரண்டு விஷயங்களில் பெயர் பெற்றது. ஒன்று பந்து. அந்தச் சிற்றூரின் அணி ஆரஞ்சுச் சட்டையில் நாட்டின் முதல் வரிசைக்கே போய் ஆடியிருக்கிறது. இன்னொன்று பாட்டு. 1960களில் ‘தி கேட்ஸ்’ என்ற குழு அங்கே உருவாகி உலகம் சுற்றியது. பின்னால் வந்த குழுக்களையும் சேர்த்து அந்த ஊரின் இசைக்கு நெதர்லாந்தில் ‘விலாங்கு இசை’ என்றே பெயர் வைத்தார்கள். சில ஆயிரம் குடும்பங்கள் கொண்ட மீனவர் ஊர் ஒரு நாட்டின் பந்துக்கும் பாட்டுக்கும் இவ்வளவு கொடுத்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கோ இருக்கும் ஊர்தான். இருந்தாலும் வலை காயப்போட்ட முற்றங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

1988இல் குல்லிட்டும் பாடினார் என்பதைச் சொல்லாமல் போகக்கூடாது. ‘ரெவலேஷன் டைம்’ என்ற ரெகே குழுவோடு சேர்ந்து தென்னாப்பிரிக்க இனவெறிக்கு எதிராகப் பதிவு செய்த பாட்டு டச்சுப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதைச் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவுக்குக் காணிக்கையாக்கியவர் அவர். இனவெறி ஆட்சியைக் குறிக்கும் ‘அபார்தைட்’ டச்சு வழிவந்த மொழியின் சொல். அந்த அணியின் தலைவனே அதற்கு எதிராகப் பாடினான். ஆரஞ்சு நெடுந்தூரம் வந்துவிட்டது.

ஹாசெஸ் 2004 செப்டம்பரில் இறந்தார். பெட்டியை ஆம்ஸ்டர்டாம் அரேனா மைதானத்தின் நடுப்புள்ளியில் வைத்தார்கள். ஆட்டம் தொடங்கப் பந்து வைக்கும் இடம் அது. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் சுற்றிலும் நின்று அவர் பாட்டுகளைப் பாடி அனுப்பினார்கள். ஆல்பர்ட் கய்ப் சந்தையில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 2008இல் வோல்டர் குரூஸ் பாடிய ‘விவா ஹாலந்தியா’, ஜெர்மனியின் கொலோன் நகரத் திருவிழாப் பாட்டின் மெட்டு. மறுபடியும் வெளிமெட்டு, அதுவும் ஜெர்மன் மெட்டு! 2024 ஐரோப்பியக் கோப்பையின்போது ஜெர்மன் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கான டச்சு ரசிகர்கள் ஒரே நேரத்தில் இடப்பக்கம் குதித்து, வலப்பக்கம் குதித்துப் போன காட்சியைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். ‘ஸ்னொல்லெபொல்லெகெஸ்’ என்ற பெயரில் ராப் கெம்ப்ஸ் 2015இல் பாடிய திருவிழாப் பாட்டு அது. கால்பந்துக்காக எழுதப்பட்டதே அன்று. ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். 1978இல் ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்காக அர்ஜென்டினாவுக்குப் போனபோது, ஆண்டி கேமரன் என்ற நகைச்சுவைக் கலைஞர் பயிற்சியாளர் ஆலி மெக்லியோடைப் புகழ்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து மெட்டொன்று அயர்லாந்து வழியாக அவர் கைக்கு வந்திருந்தது. அது பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாம் இடம் பிடித்தது. அணி பெருவிடம் தோற்று, ஈரானோடு சமன் செய்து, கடைசியில் ஆரஞ்சு அணியை 3–2 என வென்றும் வெளியேறியது. 2022இல் அர்ஜென்டினாவைக் கோப்பை வரை சுமந்து போன பாட்டுக்குச் சொல் எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியர். ‘லா மோஸ்கா’ குழுவின் 2003ஆம் ஆண்டுப் பாட்டின் மெட்டில் மரடோனாவையும் மெஸ்ஸியையும் வைத்துச் சொல் மாற்றினார். பிறகு அந்தக் குழுவே அவர் சொற்களைப் பாடிப் பதிவு செய்தது. கால்பந்துச் சங்கங்கள் பெரும் பணம் செலவழித்துச் செய்யும் ‘அதிகாரபூர்வ’ப் பாட்டுகள் போட்டி முடிந்ததும் காணாமல் போகின்றன. ஆசிரியர் எழுதியது நிற்கிறது.

இப்போது நம் கரைக்குத் திரும்ப வேண்டும். இந்திய தேசியக் கால்பந்து அணிக்கு ரசிகர்கள் உண்டா? 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை 5–0 என வென்ற ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். அன்றைய அணித்தலைவர் சுனில் சேத்ரி கைகூப்பி, எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று காணொளியில் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் இருக்கைகள் நிறைந்தன. ஐந்தாண்டு கழித்து, 2023 ஜூலை 4இல் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் தெற்காசியக் கோப்பை இறுதி. குவைத்தோடு 1–1, பெனால்டியில் 5–4 என இந்தியா வென்றது. அன்று இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே குரலில் ஒரு பாட்டைப் பாடினார்கள். சென்னைக்காரரான ஏ.ஆர். ரகுமான் 1997இல் சுதந்திரப் பொன்விழாவுக்காக இசையமைத்து, தமிழில் ‘தாய் மண்ணே வணக்கம்’ என்றும் தந்த அதே பாட்டின் இந்தி வடிவம். கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்கும்தான். ஆனால் அது நாட்டுக்கான பாட்டு. எழுந்து நின்று பாடும் வகை. அணியைக் கொஞ்சிக் கிண்டலடித்துத் தோள்மேல் கைபோட்டுப் பாடும் பாட்டு இன்னும் அந்த மைதானத்துக்கு வரவில்லை.

அதற்கான சரக்கு இந்தக் கரையில் தலைமுறைகளாகக் கிடக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்த மற்றவர்கள் ஏலேலோ சொல்லி வாங்குவார்கள். சோழமண்டலக் கரை நெடுகிலும் அதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். எடுத்துக் கொடுப்பவர் அப்போதைக்கப்போது சொல்லை மாற்றுவார். வராதவனைக் கிண்டல் செய்வார், அம்மனைக் கூப்பிடுவார், மடியில் விழப்போகும் மீனைப் பெயர் சொல்லி அழைப்பார். வாங்கிப் பாடுகிறவர்களின் சொல் மாறவே மாறாது. அதனால் எத்தனை பேர் சேர்ந்தாலும் குரல் பிசகாது. மைதானப் பாட்டுக்கு வேண்டிய இலக்கணம் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. துடுப்பு போட்டவர்கள் ஃபைபர் படகுக்கும் என்ஜினுக்கும் மாறியபோது இந்தப் பாட்டு பாதி ஓய்ந்துவிட்டது. என்ஜின் சத்தத்துக்கு மேலே யாரும் பாட முடியாது. பாடத் தெரிந்த பெரியவர்கள் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். கையில் கைப்பேசி வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வடசென்னையில் வியாசர்பாடி போன்ற கால்பந்துத் தொட்டில் இருக்கிறது. அங்கேயே கானாவும் இருக்கிறது. சேத்ரிக்கும் அவருக்குப் பின் வருகிறவர்களுக்கும் ஒரு பாட்டை இந்த மெட்டில் போட்டுப் பதிவு செய்ய எந்தச் சங்கத்தின் அனுமதியும் தேவையில்லை. ஒல்லாந்தில் யாரும் கேட்டதில்லை.

அடுத்த பகுதியில் படேவியாவுக்குப் போகிறோம். இந்தக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அடிமைகளாகக் கப்பலேறி, பிறகு விடுதலை பெற்றவர்களின் சந்ததி என்று சொல்லப்படுபவர்கள் ஜகார்த்தாவின் வடக்கே டூகு என்ற ஊரில் 1661 முதல் வாழ்கிறார்கள். அவர்கள் இசைக்குப் பெயர் குரொன்சோங்.

(தொடரும்)